ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள்



அழகுக் குறிப்புப் பகுதிக்குக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். முகப்பருவும் முடி உதிர்வும்தான் வந்து குவியும் என்று நினைத்தேன். மோவாயைப் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. “வரன் பார்க்க போட்டோ கொடுக்கணும். என் மோவாய் உள்ளே போன மாதிரி தெரியுது. ஆபரேஷன் இல்லாம ஏதாவது வழி இருக்கா?” என்று ஒரு தங்கை கேட்கிறார். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பிக்கு, மோவாய் எடுப்பாகும் என்று சொன்ன வீடியோவைப் பார்த்து மணிக்கணக்கில் சூயிங்கம் மென்றதில் காதோரம் வலியாம்.

தங்கையிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். மோவாய் சின்னது என்று எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? செல்ஃபியைப் பார்த்து என்றால் பழியைப் போன் மேல் போடுங்கள். கையை உயர்த்தி எடுக்கும்போது நெற்றியும் மூக்கும் லென்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, மோவாய் தூரத்தில் தங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பது பெருத்தும் தள்ளி இருப்பது சிறுத்தும் தெரிவது லென்ஸின் இயல்பு. அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தை விட, ஓரடி தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. மூக்கு அப்படிப் பெருத்தால் கீழே இருக்கிற மோவாய் என்ன ஆகும்?

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் எந்த ஆய்வையும் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கேமராவை நாலைந்து அடி தள்ளி நிறுத்துவார்கள். அப்புறம் கிட்டே வந்து, நம் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, “கொஞ்சம் முன்னாடி... லேசா கீழே... அப்படியே இருங்க” என்பார்கள். கூச்சத்தில் நெளிவோம். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. முகத்தைச் சற்று முன்னால் கொண்டுவந்து, மோவாயை இம்மியளவு இறக்கினால் தாடைக்குக் கீழே நிழல் விழும். அந்த நிழல்தான் மோவாயை எடுத்துக் காட்டுவது. கூச்சப்பட்டுத் தலையைப் பின்னால் இழுத்தால் கழுத்துச் சதை மடிந்து, இருக்கிற மோவாயும் காணாமல் போகும்.

தலைமுடியிலும் கவனம் வேண்டும். உச்சியில் தூக்கி முடிந்த கொண்டை கீழ்முகத்தை இன்னும் சுருக்கிக் காட்டும். முடி வெட்டிக்கொள்கிறவர்கள் சரியாக மோவாய் மட்டத்தில் நிறுத்தாமல் தோளைத் தொட விடுங்கள். மேக்கப்பில் வெளிர் நிறம் முன்னால் வரும், அடர் நிறம் பின்வாங்கும். ஆகவே மோவாய் நுனியில் உங்கள் நிறத்தை விட ஒரு படி வெளிர், தாடைக்கு அடியில் ஒரு படி அடர், இரண்டும் கோடு தெரியாமல் கலந்திருக்க வேண்டும். நுனியிலேயே அடர் நிறம் பூசிக்கொண்டு வருகிறவர்களைக் கல்யாண மண்டபங்களில் பார்க்கிறேன். அது நீள முகத்துக்கான யோசனை அம்மா, உங்களுக்கு அல்ல!

ஆண்களுக்குத் தாடி ஒரு வரம். கன்னத்தில் ஒட்ட வெட்டி, மோவாயில் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டால் போதும். கன்னத்தில் அடர்த்தி இல்லாத தம்பிக்கும் ஃப்ரெஞ்ச் தாடி பொருந்தலாம்.

சூயிங்கத்தை மட்டும் இன்றே துப்பிவிடுங்கள் தம்பி. மெல்லுவதால் பெருப்பது தாடையின் பின்மூலையில் இருக்கிற தசை. அது புடைத்தால் மோவாய் இன்னும் சின்னதாகத்தான் தெரியும். கூடவே தாடை மூட்டில் வலி வேறு. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் முக எலும்பு மாறும் என்று பரவுகிற ‘மியூயிங்’கும் அப்படியே. பிரிட்டனில் பல் சீரமைப்பு மருத்துவர்களாக இருந்த ஜான் மியூ, அவர் மகன் மைக் மியூ ஆகியோரின் பெயரால் வந்தது அது. வளர்ந்து முடிந்தவர்களின் எலும்பை அது மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

கத்தி இல்லாத வழி என்று ஃபில்லர் ஊசியைச் சொல்வார்கள். ஹையலூரானிக் அமிலத்தை மோவாயில் செலுத்துவது. பலன் உடனே தெரியும். ஏறக்குறைய ஓராண்டில் கரைந்துவிடும், மறுபடி பணம் கட்ட வேண்டும். மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். அந்த நேரத்தில் அதைக் கரைக்கும் மாற்று மருந்தைக் கையில் வைத்திருக்கிற தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோதான் போக வேண்டும். பியூட்டி பார்லரில் சலுகை விலை என்றால் வேண்டவே வேண்டாம்.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பெற்றோருக்கு. கீழ்த்தாடை பின்வாங்கி, மேல்பல் துருத்தி நிற்கிற பிள்ளைகளை வளர்கிற வயதிலேயே, அதாவது 10 முதல் 14 வயதுக்குள், பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ‘ட்வின் பிளாக்’ என்ற கழற்றி மாட்டும் கருவி, கீழ்த்தாடையை முன்னால் வைத்துக் கடிக்கப் பழக்கும். பெரும்பாலும் பற்கள்தான் நகரும், தாடையில் கிடைப்பது சில மில்லிமீட்டர்தான். ஆனால் வளர்ச்சி நின்ற பிறகு அதுவும் கிடைக்காது. சின்ன மோவாயோடு குறட்டையும், தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் சேர்ந்திருந்தால், பெரியவர்கள் ஆனாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெற்றோருக்கு இன்னொன்றும் உண்டு. மாடிப்படியில் உருண்டோ, சைக்கிளிலிருந்து விழுந்தோ மோவாயில் அடிபட்ட குழந்தைக்கு நாம் காயத்துக்குத் தையல் போட்டுக் கூட்டிவந்துவிடுகிறோம். அடியின் வேகம் காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டு வரை போகும். கீழ்த்தாடை வளர்வதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எலும்பு முறிந்து, கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறப்பது குறையும், தாடை வளராமலே நின்றுவிடும். அதன் பிறகு கத்தியைத் தவிர வழியில்லை. விழுந்த சில வாரங்களுக்கு, குழந்தையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து அதன் வாயிலேயே நெடுக்காக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நுழைந்த விரல்கள் பிறகு நுழையவில்லை என்றால், மறுநாளே பல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்