மூட்டை தூக்க மட்டுமா நம் பிள்ளைகள்?

மஞ்சள் வரத்து தொடங்கிவிட்டால் ஈரோட்டு மண்டிகளில் நிற்க இடமிருக்காது. ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கங்களிலும் விரலியும் கிழங்கும் ஏலம் போகும். மூட்டை இறக்குவோர், சாக்கு தைப்போர், கூட்டிப் பெருக்குவோர் வரிசையில் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். மாதிரி பார்த்துத் தரம் சொல்பவர், கணக்கு எழுதுபவர், கணினியில் விலை பதிபவர் வரிசையில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் வெட்டிய கூலிக் குடும்பத்துப் பிள்ளை பி.காம். முடித்த பிறகும் மூட்டையடியிலேயே நிற்கிறான்.

படிப்பு போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. தனியார் மண்டிகளில் எழுத்து வேலைக்குப் பெரும்பாலும் விளம்பரமே வருவதில்லை. ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்ற பேச்சிலேயே இடம் நிரம்பிவிடுகிறது. அந்த ‘நம்ம’ காலனி வரை வருவதில்லை.

இது இன்று நேற்றைய கதையல்ல. வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், மும்பையில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர். தொழிலை மூட வேண்டியதாயிற்று. அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 14ஆம் தேதியில்தான், 2016இல், தேசிய மின்னணு வேளாண் சந்தையை ஒன்றிய அரசு தொடங்கியது. நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள், அந்தச் சந்தையின் கணினி முன்னால் அவர் மக்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டாமா?

மஞ்சள் இன்று ஏலக் கூடத்தில் மட்டும் விலை பேசப்படுவதில்லை. என்சிடிஇஎக்ஸ் சந்தையில் அதற்கு முன்பேர வர்த்தகமும் நடக்கிறது. 2015 முதல் இந்தப் பொருள் சந்தைகள் செபியின் கண்காணிப்பில் உள்ளன. செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் பொருள் வர்த்தகத்துக்கெனச் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. தரகு நிறுவனங்களில் ஆர்டர் பதிவது, கணக்கு சரிபார்ப்பது போன்ற தொடக்க வேலைகளுக்கு அது கைகொடுக்கும். அந்தத் தேர்வு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

தேர்வில் தேறினாலும் வாசலைத் திறக்க வேண்டியவர்கள் திறக்க வேண்டும். விற்பனைக் கூடங்களிலும் சங்கங்களிலும் தற்காலிக எழுத்து வேலையாக இருந்தாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, இடஒதுக்கீட்டுடன் நிரப்புங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடம் ஒதுக்கச் சொல்கிறது. தனியார் நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. தரகு நிறுவனங்கள் அதை நடைமுறைப்படுத்துகின்றனவா என்று மாவட்ட நிர்வாகம் கேட்கட்டும். என்.ஐ.எஸ்.எம். தேர்வுக்கான பயிற்சியையும் கட்டணத்தையும் தாட்கோ ஏற்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தரகு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வேறு. சொந்தப் பணத்தை முன்பேரத்தில் போடுவது வேறு. ‘வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துச் சூதாட வேண்டாம். கணக்கையும் கணினியையும் கற்றுக்கொண்டு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மஞ்சளை விளைவித்ததிலும் சுமந்ததிலும் நமக்குப் பங்குண்டு. அதன் விலையை எழுதும் இடத்திலும் பங்கு கேட்கிறோம்.