புழு வருமுன்னே சேதி வரணும்!



பூச்சிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. செக்போஸ்ட்டில் நின்று பேர் சொல்லிவிட்டு வருகிற பழக்கமும் அதற்குக் கிடையாது. காற்றில் பறந்து வரும். கப்பலில் வரும். நாற்றோடும் விதைக் கரணையோடும் லாரியில் ஏறி வரும். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போனால், அங்கே அதைப் பிடித்துத் தின்கிற எதிரி இருக்காது. அதனால் கணக்கு வழக்கில்லாமல் பெருகிவிடும்.

உலக விளைச்சலில் 40 சதவீதம் வரை ஒவ்வொரு வருடமும் பூச்சியாலும் நோயாலும் வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு சொல்கிறது. இதைத் தடுக்க 1951-லேயே நாடுகள் கூடி, பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று ஒன்று செய்திருக்கின்றன. இந்தியாவும் அதில் இருக்கிறது. 2020-ஐ ஐ.நா. சர்வதேச தாவர நல ஆண்டாகவே அறிவித்தது.

"அதான் அரசாங்கங்கள் பார்த்துக்கிறாங்களே, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்து இதுதான்: அரசாங்கமும் அரசாங்கமும் பேசிக்கொண்டால் மட்டும் போதாது. அரசாங்கம் நம்ம ஊர்க் காட்டோடும் பேசணும். காட்டிலிருந்து ஒருத்தர் சொன்னால் அதைக் கேட்டுப் பதிலும் சொல்லணும். நடுவில் பாலமாக நிற்கப் பள்ளிக்கூடங்களால் முடியும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நடந்ததைப் பாருங்கள்.

<b>படைப்புழு வந்த கதை</b>

நம்ம மதுரை மாவட்டத்தில் பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி பக்கமெல்லாம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுவார்கள். எல்லாம் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான். அந்தப் பயிருக்கு 2018-ல் ஒரு புது எதிரி வந்தது. பெயர் அமெரிக்கப் படைப்புழு. பெயரிலேயே ஊர் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துப் புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகாவில் சிவமொக்கா பக்கத்து மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார்கள். ஜூலை 30-ஆம் தேதி பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் எச்சரிக்கை கொடுத்தது.

தேதிகளை மறுபடி ஒரு தடவை படியுங்கள். மே மாதம் கண்டுபிடிப்பு. ஜூலைக் கடைசியில் எச்சரிக்கை. நம்ம பக்கம் மானாவாரி விதைப்பு அக்டோபரில். இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது! விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சேதி எங்க ஊர்ப் புஞ்சைக்கு வந்து சேரவில்லை. புழுதான் முதலில் வந்தது.

எங்க பெரியப்பா அந்த வருடம் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. இதை எழுதுவதற்காக அவரிடம் கேட்டேன். "எப்பவும் வர்ற தண்டுப்புழுதான்னு நினைச்சேன் தாயி. அதுக்கு அடிக்கிற மருந்தையே மூணு தடவை அடிச்சேன். புழு குருத்துக்குள்ள உக்காந்து தின்னுக்கிட்டே இருந்துச்சு. பேர் என்னன்னு எனக்குத் தெரியிறப்ப காட்டுல தட்டைதான் மிச்சம்" என்றார். கருது பிடிக்காத தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். மருந்துக்கடைக் கடன் நின்றது. அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எங்க அக்கா காலேஜுக்குப் போகாமல் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். ஒரு புழு படிப்பைக் கூடத் தின்னும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பெரியப்பா ஒருத்தர் கதை மட்டும் இல்லை இது. தமிழ்நாடு முழுக்க பாதிக்கப்பட்ட மக்காச்சோள விவசாயிகளுக்கு 2019-ல் அரசாங்கம் சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் ஒதுக்கியது. கொடுத்தது நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சின்னப் பங்கை முன்னாடியே, ஆகஸ்டு செப்டம்பரில், ஊர் ஊராகப் படம் ஒட்டவும் ஆள் அனுப்பவும் செலவு செய்திருந்தால்? நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டின கதையாகிப் போச்சு.

<b>அடையாளம் தெரிந்தால் போதும்</b>

படைப்புழுவைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு அடையாளம்தான். வளர்ந்த புழுவின் தலையில், ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி வெளிர் கோடு இருக்கும். வால் பக்கம் கடைசிக்கு முந்தின வளையத்தில், நாலு கரும்புள்ளி சதுரமாக இருக்கும். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டை இடும். முட்டைகள் குவியல் குவியலாக, மேலே ரோமம் மூடி, இலையில் ஒட்டியிருக்கும். அந்த நேரத்திலேயே பார்த்துவிட்டால் கையால் கசக்கிப் போட்டுவிடலாம். மருந்தும் வேண்டாம், கடனும் வேண்டாம்!

இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

<b>சேர்ந்து செய்தால் நடக்கும்</b>

அரசாங்கங்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் நம்ம தமிழ்நாட்டிலேயே உண்டு.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்குப் போடுகிற மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிட்டது. எந்த மருந்துக்கும் சரியாக அடங்கவில்லை. 2010-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்கிற மிகச் சின்னக் குளவியைக் கொண்டு வந்தார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும். குஞ்சு அந்தப் பூச்சியைத் தின்று வெளியே வரும். பெங்களூரு விஞ்ஞானிகளும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

அடுத்து மரவள்ளி மாவுப்பூச்சி. 2020-ல் கேரளாவில் திருச்சூரில் தெரிந்தது. பிறகு சேலம், நாமக்கல் பக்கம் வந்தது. இதற்கும் ஒரு குளவிதான் மருந்து. அதன் பயணத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிறந்த ஊர் தென் அமெரிக்காவில் பராகுவே. 1981-ல் ஆப்பிரிக்காவில் விட்டு அங்கே மரவள்ளியைக் காப்பாற்றினார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து அதே குளவி இந்தியா வந்து, 2022-ல் சேலம் மாவட்டத்தில் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. பராகுவே எங்கே, ஏத்தாப்பூர் எங்கே!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 2008 முதல் 2010. 2020 முதல் 2022. இரண்டு தடவையும் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இதில் எல்லாத் தாமதமும் தப்பு என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுக் குளவியைத் தனியாக அடைத்து வைத்து, நம்ம நாட்டு நல்ல பூச்சிக்குக் கெடுதல் செய்யுமா என்று சோதித்த பிறகுதான் வெளியே விட முடியும். அதை அவசரப்படுத்தினால் இன்னொரு வம்பு வரும். குறைக்கக் கூடிய நேரம் வேறு ஒன்று இருக்கிறது. காட்டில் ஒருவர் புதுப் பூச்சியைப் பார்த்த நாளுக்கும், அது விஞ்ஞானி கைக்குப் போகிற நாளுக்கும் நடுவில் இருக்கிற நேரம். அதைக் குறைப்பது நம்ம கையில் இருக்கிறது.

<b>என்ன செய்யலாம்?</b>

முதலாவது, ஒவ்வொரு வருடமும் புரட்டாசிக்கு முன்னால் வேளாண்மைத் துறை படம் போட்ட தட்டி வைக்க வேண்டும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி இந்த மூன்று இடமும் போதும். வந்துவிட்ட பூச்சியின் படம் மட்டும் போதாது. பக்கத்து மாநிலத்துக்கு வந்து நம்ம ஊருக்கு இன்னும் வராத பூச்சியின் படமும் வேண்டும்.

இரண்டாவது, சொன்னவருக்கு மூன்று நாளைக்குள் பதில் வர வேண்டும். "பார்த்தோம், அது சாதாரணப் புழுதான்" என்றாவது சொல்ல வேண்டும். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாவது தடவை சொல்லப் போகமாட்டார்கள்.

மூன்றாவது, முதலில் சொன்ன விவசாயிக்கு நஷ்டம் வரக்கூடாது. "உன் காட்டில் புதுப் பூச்சி இருக்கு, பயிரை அழி" என்றால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

நான்காவது, நம்ம பள்ளிக்கூடத்தில் பசுமைப் படை மாணவர்கள் வாரம் ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்தில் பத்துச் செடியைப் பார்த்து நோட்டில் எழுதலாம். மதுரை ஒத்தக்கடையில் 1965-லிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற அண்ணன் அக்காக்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஐந்தாவது நமக்கும் நம்ம சொந்தக்காரர்களுக்கும். வெளிநாட்டிலிருந்து வரும்போது அழகாக இருக்கிறது என்று செடியையோ விதையையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டு வராதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அதற்கு அனுமதியும் சான்றிதழும் வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இதற்கென்றே சோதனை நிலையங்கள் இருக்கின்றன.

<b>சிலர் கேட்பார்கள்</b>

"பிள்ளைங்க கண்ட புழுவையெல்லாம் பிடிச்சு அனுப்புவாங்க. அதிகாரிக்கு வேற வேலை இல்லையா?" நியாயமான கேள்விதான். ஒரு அதிகாரி எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? அதனால்தான் முதலில் அறிவியல் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்கிறேன். தலையில் கோடு, வாலில் நாலு புள்ளி இருக்கிறதா என்று அவர் பார்த்துவிட்டால் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

"சேதியைப் பரப்பினால் ஜனங்க பயந்து கண்ட மருந்தையும் அடிப்பாங்களே?" என்றும் கேட்கலாம். எங்க பெரியப்பா மூன்று தடவை மருந்து அடித்தது சேதி தெரிந்தா? தெரியாமல்தானே!

"இப்பத்தான் செல்போன் இருக்கே" என்பார்கள். உண்மைதான். 2024 ஆகஸ்டு 15-ல் மத்திய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு என்று செல்போன் செயலியோடு ஆரம்பித்திருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன பூச்சி என்று சொல்லும். வரவேற்கிறேன். ஆனால் எங்க அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். அவர்களைப் போன்றவர்களுக்காகக் கிசான் கால் சென்டர் 1800-180-1551 இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இந்த நம்பர் நம்மில் எத்தனை பேர் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது? இன்றைக்கே கரியாலாவது எழுதி வையுங்கள்!

தோழர்களே! இன்றைக்கு மக்காச்சோளம். நாளைக்கு நம்ம மதுரை மல்லிகைக்கு ஒரு புதுப் பூச்சி வந்தால்? 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின பூ அது. விடியக்காலையில் பூப்பறிக்கப் போய்விட்டு ஓடி வருகிற பிள்ளைகள் நம்ம வகுப்பிலேயே இருக்கிறார்கள். படைப்புழுவின் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் வரை பறக்குமாம். நம்ம சேதி அதைவிட வேகமாகப் போக வேண்டாமா? நாடுகள் கைகோர்க்கட்டும், மாநிலங்கள் கைகோர்க்கட்டும். அந்தக் கைகளில் ஒன்று நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கையாகவும் இருக்கட்டும்.

கண் திறந்து பார்ப்போம்! கண்டதை உடனே சொல்வோம்! வெள்ளாமையைக் காப்போம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி