காயல்பட்டினத்து மீஸான் கற்கள் யார் கணக்கில்?

காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய மையவாடிகளில் அரபு எழுத்து செதுக்கிய மீஸான் கற்கள், அதாவது கல்லறைக் கற்கள், நிற்கின்றன. அந்தப் பள்ளிகளை அளந்து வரைபடமாக்கிய மெஹர்தாத் ஷொகூஹியின் நூல் 2003-இல் வெளியானது, லண்டனில். உள்ளூர்ப் பிள்ளை தன் தெருப் பள்ளியின் வயதை அறிய அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்த துறைமுகமாகக் காயலை மார்க்கோ போலோ வருணித்தார். அது எந்தக் காயல், காயல்பட்டினமா பழையகாயலா? கால்டுவெல் பழையகாயல் என்றார். அங்கே வெட்டவெளியெங்கும் சீனப் பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடந்ததையும் எழுதிவைத்தார். தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்த கரையில் இந்த வழக்கு சீக்கிரம் தீராது. தீராவிட்டால்தான் என்ன? ஆதிச்சநல்லூருக்கும் சிவகளைக்கும் கிடைத்த வெளிச்சத்தில் கால்பங்குகூட இடைக்காலக் காயலின் மேல் விழவில்லை என்பதுதான் குறை.

பழம்பொருட்களை மக்களோடு சேர்ந்து பதிவுசெய்யப் பிரிட்டனில் 1997-இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. தோட்டம் கொத்துகிறவரோ, உலோகங்காட்டியோடு வயலில் அலைகிறவரோ கண்டெடுத்ததை வட்டார அலுவலரிடம் காட்டலாம். அவர் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படிப் பதிவானவை 15 லட்சத்துக்கும் மேல். 1980-களில் இதே உலோகங்காட்டிக்காரர்களைத் தொல்லியலாளர்கள் கொள்ளையர்போலத்தான் பார்த்தார்கள்.

நமக்கு வாய்த்திருப்பதோ 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காசு அகப்பட்டவர் வாய் திறப்பாரா?

காயலில் மண்ணைத் தோண்டவே வேண்டாம்; வீட்டு அலமாரிகளிலேயே பழைய கிதாபுகள் இருக்கின்றன. மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா பிறந்த ஊர் இது. அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த மரபு வேரூன்றிய ஊரும்கூட. அப்படி எழுதிய கிதாபுகளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவர்களில் பலர் மூத்த பெண்கள். அவர்களுக்குப் பின் வந்த பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படித்தவர்கள். வரலாற்றுத் துறையின் பட்டியலுக்குள் வர, இந்தக் கற்களும் கிதாபுகளும் சங்க காலத்தவையாக இருந்தாக வேண்டுமா?

தொல்லியல் துறை ஓர் அலுவலரை மாதம் ஒருநாள் இங்கே உட்காரவைக்கட்டும். ஜமாஅத்தும் கல்லூரி மாணவிகளும் சேர்ந்து மீஸான் கற்களைப் படமெடுத்து எண்ணிடட்டும். கிதாபு வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். வருகிற அலுவலர் பெண்ணாக இருப்பது நல்லது. முடுக்கு எனும் சந்து வழியே பெண்கள் புழங்கும் வீடுகளில், அந்நிய ஆணுக்காக அலமாரி திறக்காது.