ஒரு வக்கீல் போட்ட கணக்கு

போன ஆடியில் எங்கள் தோட்டத்து வாசலில் நாலு மூட்டை டி.ஏ.பி. வந்து இறங்கியது. பன்னிரண்டு வருசமாக ஒரு கைப்பிடி ரசாயன உரம் போடாத தோட்டம். வேடசந்தூர் ரோட்டில் வண்டியில் போன ஒருத்தர் நிறுத்தி, "என்னங்கய்யா, நீங்களுமா?" என்று கேட்டேவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். சின்ன வெங்காயத்துக்குப் பயிர்க்கடன் கேட்டு ஒரு கூட்டுறவு சங்கத்துக்குப் போனேன். தேதிக்குக் கட்டினால் வட்டி இல்லாத கடன். அதை விட்டுவிட்டுக் கந்து வட்டிக்குப் போக யாருக்கும் மனசு வராது. கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம் என்றார்கள். உரம் வேண்டாம், அந்தத் தொகைக்கு வேப்பம் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் வாங்கிக்கிறேன், பில் கொண்டாந்து தர்றேன் என்றேன். செயலாளர் நல்ல மனுசன். கோபப்படாமல் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன், அதில் எவ்வளவு பொருளாக என்று வரிசையாக அச்சடித்திருந்தது. இயற்கை விவசாயம் என்று ஒரு வரி அதில் இல்லை. "உரம் வேண்டாம்னா அந்தத் தொகை குறைஞ்சுரும்ணே. வாங்கிட்டுப் போயி பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் குடுத்துருங்க" என்றார். அப்படியே செய்தேன், மூட்டைக்குக் கொஞ்சம் நட்டத்தோடு.

செயலாளரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்தத் தாளின் வேர் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே போனால் அறுபது வருசம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இயற்கை விவசாயக் கூட்டம் எதுவும் பசுமைப் புரட்சியைத் திட்டாமல் முடிவதில்லை. நானும் மைக் பிடித்துத் திட்டியிருக்கிறேன். திட்டும்போது வீரிய விதை, யூரியா, பூச்சி மருந்து என்று மூன்றைச் சொல்வோம். நாலாவது ஒன்று இருக்கிறது, பணம். அந்த நாலாவதை ஏற்பாடு செய்தவர் விஞ்ஞானி இல்லை. கோயம்புத்தூரில் தொழில் பார்த்த ஒரு வக்கீல்.

சி.சுப்பிரமணியம், 1910-ல் பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தார், விடுதலைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார், அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். 1952 முதல் 1962 வரை பத்து வருசம் சென்னை மாகாண நிதி அமைச்சர். முதலில் ராஜாஜி, அப்புறம் காமராஜர். 1954-ல் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர் இவர். அப்படியும் காமராஜர் இவரிடமே கஜானாவைக் கொடுத்தார். இன்றைய அரசியலில் அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடியுமா, தெரியவில்லை. அந்தப் பத்து வருசத்தில்தான் அமராவதி, சாத்தனூர், வைகை அணைகள் வந்தன. நிலக்கோட்டைப் பக்கம் பேரணையில் தண்ணீர் பிரிகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, 1959-ல் திறந்த வைகை அணை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1964-ல் சாஸ்திரி இவரை மத்திய உணவு, விவசாய அமைச்சராக்கினார். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் சோறு என்கிற நிலைமை. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. சி.எஸ். அப்போது என்ன செய்தார் என்று கேட்டால் எல்லோரும் மெக்சிகோ கோதுமை விதையைச் சொல்வார்கள். உண்மைதான், 1966-ல் 18,000 டன் விதையை இறக்கினார். டெல்லியில் தன் வீட்டுப் புல்தரையையே உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார்.

ஆனால் விதைக் கப்பல் வருவதற்கு முன்னாலேயே அவர் செய்து முடித்த வேலைகளைப் பாருங்கள். 1964-ல் இந்திய உணவுக் கழகத்துக்குச் சட்டம். 1965 ஜனவரியில் கழகம் வேலையைத் தொடங்கியது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம்ம தஞ்சாவூரில். அதே ஜனவரியில் வேளாண் விலைக் கமிஷன். அடுத்த மாசம் இந்தித் திணிப்புப் பிரச்சினையில் அமைச்சர் பதவியையே ராஜினாமா செய்துவிட்டு, பிறகு திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். விதைச் சட்டம் மட்டும் விதை இறங்கிய அதே 1966-ல் வந்தது. வெளைஞ்சால் என்ன விலை, யார் வாங்குவது, எந்த விதைக்குச் சான்று என்று மூன்று கேள்விக்கும் சட்டத்திலும் பட்ஜெட்டிலும் பதில் எழுதிக்கொண்டேதான் விவசாயியிடம் புது விதையை நீட்டினார். பிற்பாடு நாட்டின் நிதி அமைச்சராக இருந்தபோது, 1975-ல், கிராம வங்கிகளும் வந்தன. இன்று நம்ம பக்கம் இருக்கிற தமிழ்நாடு கிராம வங்கியும் அந்த வழியில் வந்ததுதான்.

இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. விவசாயிக்கு நல்ல விலை கொடுக்கணும், உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒதுக்கணும் என்று அவர் கேட்டபோது முட்டுக்கட்டை போட்டவர் அன்றைய நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேரும் நம்ம மாகாணக் கஜானாவையோ டெல்லிக் கஜானாவையோ கையாண்டவர்கள். நிதித்துறைக்காரன் எங்கே கை வைத்துத் தடுப்பான் என்பது பத்து வருசம் நிதி அமைச்சராக இருந்தவருக்குத் தெரியாதா? அதனால்தான் ஜெயித்தார் என்பது என் எண்ணம். 1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றுப்போனார், அது வேறு கதை. அவர் போட்ட கணக்கு தோற்கவில்லை.

அந்தக் கணக்குதான் நம்மைக் கட்டிப்போட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதன் மேலே அடுக்கிக்கொண்டே போனார்கள். 1977-ல் உர ஆலைகளுக்கு அடக்க விலையைக் கணக்குப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை வந்தது. 2010-ல் சத்து அடிப்படையில் மானியம் என்று மாற்றியபோதும் யூரியாவை மட்டும் தொடவில்லை. இன்றைக்கும் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு மூட்டை நல்ல வேப்பம் புண்ணாக்கை இந்த விலைக்கு யாராவது தருவார்களா? 2022-23-ல் உர மானியத்துக்கு மத்திய அரசு செலவழித்தது சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் இயற்கை வேளாண்மைக்குத் தேசிய இயக்கம் என்று அறிவித்தார்களே, அதற்கு மொத்த ஒதுக்கீடு 2,481 கோடி. நூற்றில் ஒரு பங்கு. நூறு ரூபாயை ஒரு பக்கமும் ஒரு ரூபாயை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டு, 'விவசாயிகள் ஏன் இயற்கைக்கு மாறவில்லை' என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

இதைப் படிக்கிறபோது சில தோழர்களுக்குக் கோபம் வரும். மண்ணைக் கெடுத்த ஆளைப் போய்ப் புகழ்கிறாயே என்பார்கள். நான் புகழவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் மண்ணும் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பசி இருந்தது, அதற்கு அவர் கண்ட வழி அது. அந்த வழியின் கெடுதலை அறுபதுகளிலேயே கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நம்மாழ்வார் ஐயா. ஐயா ஊர் ஊராக நடந்து நம் மனசை மாற்றினார். பஞ்சகவ்யா கற்றுக்கொண்டோம், மரபு விதை சேர்த்தோம், விதைத் திருவிழா நடத்துகிறோம். கணக்கு வழக்கு மட்டும் அந்தப் பக்கமே கிடக்கிறது.

நம் கூட்டங்களில் மீன் அமிலம் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவோம். பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு வருசா வருசம் கூடி முடிவு பண்ணுகிறதே, அதில் நம் செலவுக் கணக்கை யாராவது கொண்டுபோய் வைத்தோமா? நான் வைக்கவில்லை. அப்படி ஒரு குழு இருப்பதே டி.ஏ.பி. மூட்டை இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும். நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே தரம். நஞ்சில்லாமல் விளைந்ததற்கு மூன்றாவது தரம் கேட்டு முறையாக எழுதினோமா? கேட்டால் நடக்காது என்றில்லை. தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் கேழ்வரகு போடுகிறார்கள், அதற்காக அரசு கேழ்வரகைக் கொள்முதல் செய்கிறது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தானே அது நடந்தது. 2021-லிருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்குத் தனி பட்ஜெட் வாசிக்கிறார்கள், 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வந்துவிட்டது. கொள்கைக் காகிதம் சங்கத்துச் செயலாளரின் மேசை வரைக்கும் வந்து சேரணும் என்றால், இடையில் உள்ள விதியும் கணக்குத் தலைப்பும் மாறணும். அந்த வேலை தெரிந்த வக்கீல்கள் நம் பக்கம் எத்தனை பேர்? நம்ம பிள்ளைகளை அக்ரி படி என்கிறோம். சட்டம் படி, அரசுக் கணக்கைப் படி என்று யாரும் சொல்வதில்லை.

இந்த முறை நான் இரண்டு வேலை செய்திருக்கிறேன். ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு உழவு, விதைக்காய், புண்ணாக்கு, எரு, களை, ஆள்கூலி என்று மூன்று வருசச் செலவை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முருங்கைக்கும் அப்படியே. பயிர்க்கடன் தாளில் இயற்கை விவசாயத்துக்குத் தனி வரி வேண்டும், பொருளாகத் தருகிற பகுதியில் புண்ணாக்கும் மண்புழு உரமும் வாங்க அனுமதி வேண்டும் என்று ஒரு மனுவும் தயார். எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் திண்டுக்கல் கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறான், அவன் எழுதிக் கொடுத்தான். அடுத்த குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுக்கப் போகிறேன். ஒருத்தன் கணக்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒட்டன்சத்திரம், நத்தம், ஆத்தூர், நிலக்கோட்டை பக்கம் உள்ளவர்கள் உங்கள் செலவு நோட்டையும் சிட்டா அடங்கல் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோட்டு எழுதாதவர்கள் இந்தப் பட்டத்திலிருந்தாவது எழுதுங்கள்.