வாசலில் நிற்கும் காரும் அலாரமும்



ரெட்டியார்பாளையத்தின் உள்தெருக்களில் இரவெல்லாம் வாசலிலேயே நிற்கும் மாருதி 800 போன்ற பழைய கார்களுக்கு அலாரமும், எல்லாக் கதவுகளையும் ஒரே பொத்தானில் பூட்டும் சென்ட்ரல் லாக்கும் வீட்டிலேயே பொருத்தப்படுவது வரவேற்கத்தக்கதே. எனினும் அதன் உயிர்நாடி ஒயரிங்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்; 12 வோல்ட் ஒயரில், மின்னோட்டம் மிகும்போது தானே உருகி இணைப்பைத் துண்டிக்கும் ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் கதவுக் கீல்: கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அங்கே ஒயர் மடங்கி நிமிர்வதால், ரப்பர் குழாய்க்குள் செலுத்தப்படாத ஒயரின் மேலுறை தகர விளிம்பில் உராய்ந்து தேய்ந்து, செம்புக் கம்பி வெளிப்பட்டு ஷார்ட் ஆகிறது.

அதிர்வை உணரும் சென்சாரின் உணர்திறனைக் கூட்டி வைத்தால், லாரி ஒன்று கடந்தாலே நள்ளிரவில் அலாரம் அலறும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வகுத்த வரம்பு 45 டெசிபல் மட்டுமே; நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உறங்கும் தெருவில் இந்த அலறல் சிறிய விஷயமன்று. சென்சாரின் திருகைச் சற்றுக் குறைத்தாலே போதும். அலாரம் விற்கும் கடைகள் பெட்டியுடன் தமிழில் ஒயரிங் விளக்கப்படத்தையும் தர முன்வர வேண்டும்.

ஒரு வாசகர்,
ரெட்டியார்பாளையம், புதுச்சேரி.