உலர்ந்த இரத்தத்துளி எவ்வளவு சொல்லும்?

பியர்பொன்ட்ஸில் வசிக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் இரண்டு தாள்களை நம்முன் விரித்து வைத்தார். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கடதாசி அட்டையில் ஒற்றி, உலரவைத்து, தபாலில் அனுப்பிப் பெற்ற பெறுபேறு ஒன்று. அதில் ஏ1சி எனப்படும் அளவு 6.7 சதவீதம் என்றிருந்தது. இரண்டு வாரங்கள் கழித்து, கை நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தைக் கொண்டு வைத்தியசாலையில் செய்த பரிசோதனையின் பெறுபேறு மற்றையது. அதில் 6.2. ஒரு தாளின்படி அவர் நீரிழிவுக்காரர். மற்றத் தாளின்படி இன்னும் ஆகவில்லை. மைத்துனர் பாவிக்கும் மாத்திரையைத் தாமும் விழுங்கத் தொடங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

நாம் வைத்தியர் அல்லர். ஆயினும் இத்தகைய தாள்கள் இன்று நம்மவர் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. குடும்ப வைத்தியர் கிடைக்காமல் கியூபெக்கில் காத்திருப்போருக்குத் தபாற்பெட்டி எளிதான வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த இலக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

இம்முறை புதியதன்று. 1913 ஆம் ஆண்டிலேயே சுவீடனில் பணியாற்றிய இவார் பாங் என்ற விஞ்ஞானி, கடதாசியில் ஒற்றிய இரத்தத்தில் சர்க்கரையை அளக்க முயன்றார். அமெரிக்கரான ரொபேர்ட் கத்ரி 1963 இல், சிசுக்களின் பிறவி நோயொன்றைக் கண்டறிய இதே வழியைக் கையாண்டு உலகெங்கும் பரப்பினார். கியூபெக்கில் 1969 முதல் பிறந்த குழந்தைகளின் குதிக்காலில் குத்தி எடுத்த துளிகள் வடிதாளில் உலர்ந்தே ஆய்வுகூடம் சென்றன. மூன்று வாரக் குழந்தையின் சிறுநீரைக் கடதாசியில் உலர்த்தித் தபாலில் அனுப்பிய பெற்றோரும் நம்மிடையே பலர் உளர். ஆகவே கடதாசி என்றவுடன் ஏளனம் செய்வதற்கு இடமில்லை.

ஆனால் அங்கு கேட்கப்படும் கேள்வி வேறு. குழந்தைக்கு அந்த நோய் உண்டா, இல்லையா? நோய் இருந்தால் இரத்தத்தில் அப்பொருள் பன்மடங்கு பெருகிக் கிடக்கும். சிறிய பிழை விடையை மாற்றாது. தொலைதூரப் பூர்வகுடிகளின் ஊர்களில் எச்.ஐ.வி.யைக் கண்டறிய வின்னிப்பெக்கிலுள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் உலர்துளிகளைப் பயன்படுத்துவதும் இக்காரணத்தாலேயே பொருந்துகின்றது. நீரிழிவிலோ கேள்வி 'உண்டா' என்பதன்று, 'எவ்வளவு' என்பது. 6.5 என்ற கோட்டுக்கு இப்பாலா, அப்பாலா என்பதில் ஒருவரின் வாழ்க்கை மாறுகின்றது. அரைப் புள்ளிப் பிழையே அன்பரைக் கோட்டைத் தாண்ட வைக்கப் போதுமானது.

கடதாசியில் அளக்கப்படுவனவற்றுள் ஏ1சி ஓரளவு நல்ல பிள்ளை. செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அக்காலத்தில் அதன் ஈமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதையே ஏ1சி கூறுகின்றது. அது ஒரு விகிதம். துளி பெரிதோ சிறிதோ, விகிதம் பெரிதும் மாறுவதில்லை. எனினும் உலரும் இரத்தத்தில் எஞ்சியுள்ள சர்க்கரை தொடர்ந்து ஒட்டக்கூடும். வெப்பமும் ஈரலிப்பும் நாட்களும் அளவைத் திரிக்கும். அத்திரிபு எல்லா இயந்திரங்களிலும் ஒரே அளவாக இருப்பதுமில்லை. 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை கனடியத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது எத்தனை அட்டைகள் வழியில் கிடந்தனவோ!

இதனை ஆய்வாளர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் முதியோரின் உடல்நலத்தை ஆராயும் பெரிய தொடராய்வு 2006 முதல் உலர்துளிகளைச் சேகரித்து வந்தது. அதன் பெறுபேறுகள் அப்படியே ஏற்கப்படவில்லை. நாள இரத்தத்தின் அளவுகளோடு ஒப்பிடத்தக்கவாறு திருத்தப்பட்டே வெளியிடப்பட்டன. இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்டோரை முதன்மையாகக் கொண்டு எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்ட முதுமை பற்றிய தேசிய ஆய்வும் உலர்துளிகளையே நாடியது. குளிரூட்டி இல்லாத கிராமங்களுக்கு அதைவிட ஏற்ற வழியில்லை. ஒரு மாகாணத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் நோயுற்றுள்ளனர் என்று கேட்டால், கூடுதலான பிழையும் குறைவான பிழையும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஒரே பக்கம் சாய்ந்த பிழையையும் கணக்கிட்டுத் திருத்தலாம். தனியொருவரின் தாளில் ஈடுசெய்ய எவருமில்லை.

இரத்தக் கொழுப்பின் நிலை இதைவிடச் சிக்கலானது. கொலஸ்ரரோல் விகிதமன்று; ஒரு லீற்றரில் இத்தனை என்ற அளவு. அட்டையிலிருந்து வெட்டியெடுக்கும் மூன்று மில்லிமீற்றர் வட்டத்தில் ஏறத்தாழ மூன்று மைக்றோலீற்றர் இரத்தமே இருக்கும். செங்குழியம் மிகுந்த தடித்த இரத்தம் குறைவாகப் பரவும், சோகையுள்ளவரின் இரத்தம் அகலப் பரவும். ஆகவே ஒரே அளவான வட்டத்தில் இரத்தத்தின் அளவு ஆளுக்காள் வேறுபடும். வைத்தியசாலையில் செங்குழியங்களை நீக்கிய தெளிந்த திரவத்திலேயே கொழுப்பை அளப்பர். கடதாசியிலோ செங்குழியங்கள் உடைந்து, அவற்றின் சவ்விலுள்ள கொலஸ்ரரோலும் கலந்துவிடுகின்றது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். பெரும்பாலும் நேரே அளக்கப்படுவதுமில்லை. 1972 இல் வெளியான ஒரு சூத்திரத்தின்படி மொத்தக் கொலஸ்ரரோலிலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைட்டின் ஒரு பகுதியையும் கழித்துப் பெறுவது வழக்கம். மூன்று அளவுகளின் பிழைகளும் அந்த ஓர் இலக்கத்தில் வந்து குவியலாம். டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் 2010 இல் கொலஸ்ரரோலுக்கும் டிரைகிளிசரைட்டுக்கும் உலர்துளியின் பயனை ஆராய்ந்து எழுதியபோதும், அவர்கள் எடுத்துக்கொண்டது சமூகக் கண்காணிப்பையே. ஒருவருக்குக் கொழுப்பு மாத்திரை எழுதுவதற்கு அதனை ஆதாரமாகக் கொள்ளலாகாது.

பிழை நம் கைகளிலும் உண்டு. விரலைப் பிழிந்து பிழிந்து துளி வரவழைத்தால் உடலின் நீரும் கலந்துவிடும். ஒரே வட்டத்தில் இரண்டாம் முறை ஒற்றுவதும், ஈரம் காயுமுன் உறையிலிட்டு மூடுவதும் பழுதையே தரும்.

நம்மவருக்கு இது வீண் விவாதமன்று. 2018-19 இல் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வொன்று வளர்ந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. 2023 இல் வெளியான இந்திய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எனவே பரிசோதிப்பது அவசியமே. ஆனால் இரும்புச்சத்துக் குறைவினால் சோகையுற்ற பெண்களுக்கு ஏ1சி பொய்யாக உயரக்கூடும். தலசீமியா போன்ற பரம்பரைக் குறைபாடுகளால் செங்குழியம் விரைவில் அழிந்தால் பொய்யாகத் தாழக்கூடும். இது கடதாசியின் குற்றமன்று, நாள இரத்தத்திலும் நேர்வதே.

எல்லைக் கோடும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கர் 5.7 இலிருந்து 'முன்நீரிழிவு' என்பர். கனடிய வைத்தியர்கள் 6.0 இலிருந்தே அவ்வாறு கூறுவர். அமெரிக்க நிறுவனத்தின் தாளில் 5.8 கண்டு கலங்கும் மொன்றியல்வாசி இதை அறிந்திருத்தல் நன்று. அன்பரின் 6.2 நீரிழிவு அன்று. முற்றாகச் சுகமென்றும் சொல்வதற்கில்லை.

தாகமோ மெலிவோ போன்ற குறிகள் இல்லாதவருக்கு, வைத்தியசாலையில் எடுத்த பெறுபேறேயாயினும், வேறொரு நாளில் மறுபடி பார்த்தே நோயை உறுதிசெய்ய வேண்டுமென்பது கனடிய வழிகாட்டல். கடதாசி கோட்டுக்கு மேலே காட்டினால் நாள இரத்தம் கொடுக்க வேண்டும். கீழே காட்டினாலும், பெற்றோருக்கு நோய் இருந்தால், அதை விடுதலைப் பத்திரமாகக் கொள்ளலாகாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் தபாலில் வந்த நல்ல இலக்கத்தை நம்பி அதை நிறுத்துவதே இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது.

அகதி விண்ணப்பதாரரிடம் பணம் இல்லை என்பது நாம் அறியாததன்று. இடைக்காலச் சமஷ்டி சுகாதாரத் திட்டம் 2012 இல் வெட்டப்பட்டது. 2014 இல் சமஷ்டி நீதிமன்றம் அதனைக் கொடுமையான நடத்தை எனக் கண்டித்தது. 2016 இல் திட்டம் முழுமையாக மீண்டது. வைத்தியர் பணிக்கும் இரத்தப் பரிசோதனை அதனுள் அடங்குகின்றது. அந்த வெட்டுக் காலத்தின் அச்சத்தால் இன்றும் வைத்தியசாலைப் படியேறத் தயங்கி, கடனட்டையில் தபால் அட்டை வாங்குவோர் தமது பத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் அங்கு செல்லட்டும். அன்பரும் மூன்றாவது பரிசோதனைக்கு நாள் பெற்றிருக்கிறார். மைத்துனரின் மாத்திரைகள் மைத்துனரிடமே இருக்கின்றன.