பென்குயின் தீவுக்கு நாய்க் காவல்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தெற்குக் கடலோரம் இருக்கும் ஊர் வார்னம்பூல். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ‘மிடில் ஐலண்ட்’ என்ற குட்டித் தீவு. பென்குயின் இனங்களிலேயே மிகச் சிறியதான ‘லிட்டில் பென்குயின்’ முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் அது. ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம், ஏறக்குறைய ஒரு கிலோ எடை. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டிய பிறகு கூட்டமாகக் கரையேறி வளைக்குத் திரும்பும்.

ஒரு காலத்தில் இந்தத் தீவில் சுமார் 800 பென்குயின்கள் இருந்தன. 2005-ல் எண்ணிப் பார்த்தபோது பத்துகூடத் தேறவில்லை.

காரணம், நரி. ஆஸ்திரேலியாவுக்கு நரி சொந்த விலங்கு அல்ல. 19-ம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டது, கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. வார்னம்பூலில் கடல் உள்வாங்கும் நேரத்தில் தீவுக்கும் கரைக்கும் நடுவே மணல் தட்டும். மனிதர்களே முழங்கால் தண்ணீரில் நடந்து போய்விடலாம் என்றால், நரிக்குக் கேட்கவா வேண்டும்?

பென்குயினுக்குப் பறக்கத் தெரியாது. தரையில் வேகமாக ஓடவும் முடியாது. போதாக்குறைக்கு, ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும் இரண்டரை வாரமும் கடலில் இறங்காமல் கரையிலேயே கிடக்கும். நரியோ பசிக்கு ஒன்றைப் பிடித்ததும் திரும்பிப் போகிற பிராணி அல்ல. ஒரே இரவில் பலவற்றைக் கடித்துக் கொன்று போட்டுவிடும்.

நரிகளைக் கொன்று பார்த்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று வந்தது. அப்போதுதான் யோசனை ஒரு கோழிப் பண்ணையிலிருந்து வந்தது.

கோழிக்கு நரியைக் காவல் வைத்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே ‘ஸ்வாம்பி’ மார்ஷ் என்ற பண்ணைக்காரர், தன் கோழிகளை நரியிடமிருந்து காக்க நாய்களை வைத்திருந்தார். அவை ‘மரெம்மா’ என்ற இத்தாலிய இனம். வெள்ளை வெளேரென்று, அடர்ந்த முடியோடு, பெரிய உருவம். ஓநாய்களிடமிருந்து ஆடுகளைக் காப்பதற்காகவே நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டவை. குட்டியிலிருந்தே எந்தப் பிராணியோடு பழக்குகிறோமோ, அதைத் தன் கூட்டமாகவே நினைத்துக் காக்கும். “கோழியைக் காக்கிற நாய், பென்குயினைக் காக்காதா?” இதுதான் பண்ணைக்காரரின் கேள்வி.

பலருக்கு இது வேடிக்கையாகத்தான் பட்டது. நாயே பென்குயினைக் கடித்துவிட்டால்? ஆனாலும் நகராட்சி துணிந்தது. 2006-ல் ‘ஆட்பால்’ என்ற மரெம்மா நாய் தீவுக்குப் போனது. அதன் பிறகு வேறு நாய்கள் பயிற்சி பெற்று வந்தன. அவற்றில் யூடி, துலா என்ற இரண்டும் பிரபலம். ‘யூடிப்துலா’ என்ற பென்குயினின் அறிவியல் பெயரை இரண்டாகப் பிரித்து வைத்த பெயர்கள் அவை.

இந்த நாய்கள் நரியோடு சண்டை போட வேண்டிய அவசியம்கூட அநேகமாக இல்லை. நாயின் வாடையும் குரைப்புச் சத்தமும் போதும், நரி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தயங்கும். ஊர் மக்கள் தங்கள் பங்குக்கு ஒன்றை விட்டுக் கொடுத்தார்கள். நினைத்தபோது தீவுக்குப் போய் உலாவும் பழக்கம் நின்றது. வளைகள் மனிதர்களின் காலில் மிதிபடுவதும் நின்றது. பத்துக்கும் கீழே போன எண்ணிக்கை மெல்ல நூறைத் தாண்டியது. 2015-ல் ‘ஆட்பால்’ பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுபம். ஆனால் 2017-ல் ஒரு பேரிடி. கடல் கொந்தளிப்பாக இருந்ததால் நாய்களைத் தீவில் விட முடியாத நாட்கள் அவை. அந்த இடைவெளியில் நரி புகுந்துவிட்டது. சுமார் 140 பென்குயின்கள் செத்துக் கிடந்தன. பத்து ஆண்டுக்கும் மேலான உழைப்பில் பெரும்பகுதி, காவல் இல்லாத அந்தச் சில நாட்களில் போய்விட்டது.

நாய்கள் காவல் இருந்தபோது நரியால் பென்குயின் சாகவில்லை. ஆக, யோசனையில் குறை இல்லை. ஒரு நல்ல ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டால் அது தானாக ஓடும் என்று இருக்க முடியாது என்பதைத்தான் அந்தச் சம்பவம் காட்டியது. நாய்க்குச் சோறு வைக்க ஆள் வேண்டும். கடலின் போக்கைப் பார்த்து அழைத்துப் போக, திரும்பக் கொண்டுவர ஆள் வேண்டும். வயதான நாய் ஓய்வு பெறுவதற்குள் அடுத்த குட்டியைப் பழக்க வேண்டும். அந்தி நேரத்தில் உட்கார்ந்து, கரையேறும் பென்குயின்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைவது தெரிந்தால்தானே காரணத்தைத் தேட முடியும்? இத்தனைக்கும் பணமும் வேண்டும், தன்னார்வலர்களும் வேண்டும்.

பென்குயின் வரும் மற்ற ஊர்களிலும் இப்படித்தான். சிட்னியின் மேன்லி பகுதியில், மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் படகுத்துறை அருகே நின்று, பென்குயின்களுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதே விக்டோரியாவின் பிலிப் தீவில், பென்குயின்கள் வாழும் பகுதியில் இருந்த ஒரு குடியிருப்பையே 1985 முதல் அரசு கொஞ்சம் கொஞ்சமாக விலைக்கு வாங்கி, வீடுகளை அகற்றி, இடத்தைப் பறவைகளுக்கே திருப்பிக் கொடுத்தது. அங்கே போகும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை எளியது: படம் எடுக்காதீர்கள், காரைக் கிளப்பும் முன் குனிந்து, அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பாருங்கள்.

குனிந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒவ்வொருவரும், ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வார்னம்பூல்காரர்கள் 2017-ல் கொடுத்த விலைக்குக் கற்றுக்கொண்டதும் அதைத்தான். அதனால்தான் அந்த இழப்புக்குப் பிறகும் அவர்கள் கைவிடவில்லை. மரெம்மா நாய்கள் மறுபடியும் தீவுக் காவலுக்குப் போயின.